பெட்டியில் எனக்கிருந்த இடம்

மோட்டார் சைக்கிளை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு வந்த அன்று எனக்குச் சந்தோஷமெல்லாம் வரவில்லை. எழுந்துபோய் வாசலில் பார்ப்பதற்கே அலுப்பாக இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டுப் போன பழைய வண்டி அது. பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஆள் காலை நீட்டி உட்காரலாம். அவர் பெட்டியைத் தட்டிக் காட்டி, "இது உனக்கு. உன்ன மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லாமல் போயிற்று. நாங்கள் குடியிருந்தது துறைமுகத்துக்குப் பின்னால், சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிகள் நிறைந்த ஒரு சந்து. சரக்கு ஏற்றும் மாட்டு வண்டிகள் விடியும் முன்பே வந்துவிடும். இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கல் பாவிய தெருவில் உருளும் சத்தம் என் மண்டைக்குள்ளேயே ஓடும். பகலில் கண்ணை மூடலாமென்றால் வெக்கை. ஆஸ்பத்திரி டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்யாது, காற்று மாறவேண்டும், குளிரான இடத்தில் நாலு நாள் இருந்தால் தூக்கம் தானாக வரும் என்றார்.

அவருக்கு அந்தக் கவலை இல்லை என்றுதான் நினைத்தேன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க் வேலை அவருக்கு. முன்பெல்லாம் படுத்தவுடன் மேல்மாடிக்காரர்களுக்கே கேட்கிற மாதிரி குறட்டை விடுவார். குழந்தை போன பிறகு குறட்டை நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி, அசையாமல் சத்தமில்லாமல் படுத்திருப்பார். எனக்குத் தொந்தரவு தராமல் தூங்கக் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பேன்.

மலை எங்கள் தீவிலேயே இருக்கிறது. ரயில்கூட ஏறுகிறது. ஆனால் உச்சியில் இருக்கிற பங்களாக்கள் எல்லாம் துரைமாருக்கு. கடலைத் தாண்டி அக்கரையில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் புதிதாக ரோடு வெட்டியிருக்கிறார்கள், அங்கே ரோட்டோரமாகக் கூடாரம் போட்டுப் படுத்தால் கேட்பாரில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெயில் கொளுத்துகிற காலத்தில் சீனப் பெருநாள் வரும். அப்போது கிட்டங்கிகள் அடைத்திருக்கும், கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தொங்கான் படகுகள் ஓடாது, அவருக்கும் அடுத்த திங்கட்கிழமை வரை லீவு. அந்த லீவில் போவதென்று முடிவாயிற்று. தனியாகப் போக அவருக்குப் பயம். நானாவையும் சேர்த்துக்கொண்டார்.

நானா என்று நாங்கள் கூப்பிட்டவர் கடற்கரைச் சாலையில் கப்பல்களுக்குச் சாமான் போடும் கடை வைத்திருந்தார். அரிசியிலிருந்து கயிறு வரை கப்பலில் ஏறுகிற எதுவும் அவர் கடையில் இருக்கும். நல்ல மனுஷர். அது நோன்பு மாதம். தினமும் நோன்பு திறந்த பிறகு ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவார். "தங்கச்சி, சூடா இருக்கும்போதே குடிச்சிடுங்க" என்று எனக்கு முதலில் ஊற்றச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அப்புறம் திட்டம் ஆரம்பிக்கும்.

இருவரும் துறைமுகத்திலேயே வளர்ந்தவர்கள். அதுதான் கோளாறு. அவர்களுக்குப் பயணம் என்றால் கப்பல் பயணம். கரையை விட்டால் மறு கரை சேரும்வரை ஒரு தீப்பெட்டிகூடக் கிடைக்காது. பழுப்புக் காகிதத்தில் என் வீட்டுக்காரர் ஒரு படம் வரைந்தார். மேலே அக்கரைப் படகுத்துறை, கீழே மலை, நடுவில் ஒரு கோடு. கோட்டில் ஓர் ஊர்கூட இல்லை. நான் கல்யாணத்துக்கு முன் அந்த வழியிலுள்ள பாரிட் புந்தாரில் இருந்தவள். அந்த ரோட்டில் ஊருக்கு ஊர் கடை இருக்கிறது, தைப்பிங்கில் பெரிய பசாரே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன்.

"தைப்பிங்குல அரிசி கெடைக்காதா?"

"கெடைக்கும்தான் தங்கச்சி" என்றார் நானா, பொறுமையாக. "ஆனா நம்ம கையில இருந்தா நமக்கு நிம்மதி லா."

அதற்கு மேல் வாதாட என்னிடம் தெம்பு இல்லை. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவது அந்த நாட்களில் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒவ்வொரு நாளும் நானா கஞ்சியோடு ஒரு சாமானும் கொண்டுவந்தார். முதலில் கூடாரத்துக்குக் கித்தான் வந்தது. பாய்மரத்தில் கட்டுகிற கனத்த கித்தான். அதை மடித்துப் பெட்டியில் வைத்தபோது, "உனக்கு மெத்தை மாதிரி இருக்கும், மேல உக்காந்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அடுத்து மண்ணெண்ணெய் அடுப்பு. அரிக்கேன் விளக்கு இரண்டு, ஒன்று அணைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. சார்டின் டின்கள், கப்பல் பிஸ்கட், கருவாடு, கோடாரி, குடிதண்ணீர் டின். மலையில் தண்ணீர் இருக்காதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நங்கூரம் ஒன்றுதான் பாக்கி என்றேன். இருவரும் சிரித்தார்கள். அடுத்த நாள் கூடாரம் காற்றில் பறக்காமலிருக்க இரும்புக் கொக்கிகள் வந்து சேர்ந்தன.

கப்பல்காரர்கள் விட்டுப்போன கம்பளிச் சட்டை ஒன்றும் எனக்காக வந்தது. இவர்கள் இருவரும் பார்க்கவேண்டுமென்று அந்த வெக்கையில் போட்டுக் காட்டினேன். கழுத்திலிருந்து முழங்கால்வரை வியர்த்தது. என் வீட்டுக்காரர் அத்தனை திருப்தியாகப் பார்த்தார். அந்த ஒரு கணம், நிஜமாகவே போகப்போகிறோம் என்று எனக்கும் ஆசை வந்தது. குளிர் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போர்த்திக்கொண்டு படுத்தால் ஒரு வண்டிச் சத்தமும் கேட்காது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சீனப் பெருநாளன்று கிட்டங்கி வாசல்களில் சரவெடி கொளுத்திவிட்டு எல்லோரும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதை ஒட்டியே பிறையும் தெரிந்து நானாவுக்கும் பெருநாள் வந்தது. பெருநாள் சாப்பாடு முடிந்த மறுநாள் காலை கிளம்புவதாக ஏற்பாடு.

காலையில் புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு, கம்பளிச் சட்டையைக் கையில் மடித்துப் பிடித்தபடி அஞ்சடிக்கு வந்தேன். அஞ்சடி என்பது கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற நடைபாதை. வண்டி தயாராக நின்றது. பின் சீட்டில் நானா உட்கார்ந்திருந்தார். பெட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு முழம் உயரத்துக்குச் சாமான் ஏறியிருந்தது. மேலே பெட்ரோல் டின்னை வைத்துக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். கப்பல் முடிச்சு. எங்கே ஏறுவது என்று தெரியாமல் நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் திட்டம் போட்டதில் நான் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நானாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எறங்கிக்கிறேன் தம்பி. தங்கச்சி வரட்டும்" என்றார்.

"நீங்க இல்லாம இந்தக் கூடாரத்த யாரு கட்டுறது நானா?" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என்னிடம், "எதையாச்சும் எறக்கிடலாம். எத எறக்குறதுன்னு பாக்குறேன்" என்று கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார். எதை எடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை என்பது தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. சோற்று மூட்டையை நானாவின் மடியில் வைத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஒடம்பு முடியல" என்றேன். உடம்பு முடியாததும் உண்மைதான். அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். படகுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்கள். வண்டி சந்து முனையில் திரும்பும்போது பெட்டிப் பக்கம் தாழ்ந்து போயிற்று.

கதவைத் தாழ்போட்டுவிட்டு, சன்னலோரம் பாயை விரித்துப் படுத்தேன். போயும் போயும் ஒரு தகர டின்னுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் கழித்து ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. வண்டிகள் இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் இல்லை. சங்கிலிச் சத்தம் இல்லை, கப்பல் சங்கு இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சந்து அப்படி அடங்கிக் கிடந்து நான் கேட்டதில்லை. முந்தைய வருஷங்களில் சீனப் பெருநாள் லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். ஒரு காகம் ஓட்டின்மேல் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நடுவில் ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன், இருட்டாக இருந்தது. மறுபடி படுத்தேன். சரியாக விழிப்பு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அது மறுநாள் சாயங்காலம் என்று புரிந்துகொள்ளவே நேரமாயிற்று. கை கால்களெல்லாம் வேறு யாருடையவோ மாதிரி லேசாக இருந்தன. அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. பழகிய சத்தம். ஆனால் மாசக்கணக்காகக் கேட்காத சத்தம்.

கதவைத் திறந்தேன். மோட்டார் சைக்கிள் நின்றது. பெட்டியில் ஒரு சாமானும் இல்லை. அவர் அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரு புதுத் தலையணையில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ரோட்டுப் புழுதி.

அந்தக் குறட்டையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்த அத்தனை ராத்திரியும் இந்த மனுஷனும் தூங்கவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு, மற்றவர் தூங்குகிறார் என்று நினைத்து இரண்டுபேரும் சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறோம். வாசற்படியில் உட்கார்ந்தேன். குழந்தை போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவராகவே விழித்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், கால் மரத்துப்போயிருந்தது.

"தைப்பிங்குல எல்லாம் கெடைக்குது" என்றார். அதுதான் அவர் முதலில் சொன்னது. "அரிசி, வெளக்கு, கித்தான்கூட. பசாருல பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. சாமானையும் நானாவையும் அவரு சொந்தக்காரவுங்க கடையில விட்டுட்டு, காலையில கெளம்பி வந்துட்டேன். தலகாணி ஒனக்கு வாங்கினது."

"மத்தியானமே வந்துட்டீங்களா? ஏன் எழுப்பல?"

"சன்னல் வழியாப் பாத்தேன். நீ தூங்கிட்டிருந்தே." காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அதுக்குத்தானே மலைக்கே போக இருந்தோம். சரி, எந்திரிச்சதும் கூட்டிட்டுப் போகலாம்னு இதுல உக்காந்தேன். அசந்துட்டேன்."

சந்தில் விளக்கேற்ற யாரும் வரவில்லை. எதிர்க் கிட்டங்கிக் கதவுகள் பூட்டியபடி இருந்தன. வெடிக் காகிதம் சிவப்பாக அப்படியே கிடந்தது. தைப்பிங்கில் அந்தக் கனத்த கித்தானுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் நானாவை நினைத்தால் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"பெட்டி காலியாத்தான் இருக்கு. நாளைக்கு விடியக்காலமே கெளம்பலாமா?" என்று கேட்டார்.

"மாட்டு வண்டிங்க எப்ப வரும்?"

"திங்கக்கிழமதான்."

"அப்ப நாளைக்கும் தூங்குவோம்" என்றேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் உள்ளே வந்தார்.