சரோஜாக்காவின் டீச் சாயம்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில், சரோஜாக்கா யாரையெல்லாம் நம்பமாட்டார் என்று சொல்லத் தொடங்கினால், ரிங்லெட் டவுன் போய்ச் சேரும்வரை பேசலாம். மீன்காரன் தராசை நம்பமாட்டார். கோயில் கமிட்டியை நம்பமாட்டார். பக்கத்து வீட்டுக்காரியான என்னையும் பாதிதான் நம்புவார். அவர் முழுசாக நம்பியது டீயின் நிறத்தை மட்டும்தான். தேயிலை ஃபேக்டரியில் துரை ருசி பார்க்கும் மேசைக்குக் கோப்பைகளை ஊற்றி வைத்தே தலை நரைத்தவர். தண்ணீர் கெட்டிருந்தால் சாயம் காட்டிக் கொடுத்துவிடும் என்பார்.

அப்போது அவர் மகள் ரூபினி தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மேலே பள்ளத்தில் எவனோ பழைய லோரி பேட்டரிகளைக் கொட்டிவிட்டுப் போக, நாங்கள் குடிக்கும் ஓடைத் தண்ணீரில் ஈயம் கலந்துவிட்டது. ரூபினியின் இரத்தத்திலும் ஏறியிருந்தது. வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும், இனி அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் கண்டித்துச் சொன்னார்கள்.

வழி செய்ய வந்தவள் ஃபியோனா. பக்கத்து ஊரான கம்போங் ராஜாவைச் சேர்ந்த பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். லயத்துப் பக்கத்தில் தொட்டி வைத்து, ஓடைத் தண்ணீரை நிரப்பி, மாவைவிட நுண்ணிய கருப்புத் தூளைக் கலக்குவாள். ஈயம் போய் அந்தத் தூளில் ஒட்டிக்கொள்ளும். தூள் இரும்பாலானது, பெரிய காந்தத்தை வைத்தால் ஈயத்தோடு சேர்ந்து ஓரமாக ஒதுங்கிவிடும். தெளிந்த தண்ணீரை நாங்கள் பிடித்துக் குடித்தோம்.

"வெசத்த எடுக்க இன்னொரு வெசமா?" என்றார் சரோஜாக்கா. "நம்மள வச்சு சோதிச்சுப் பாக்குறாங்க லா."

வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணீரில் டீ போட்டார். சாயம் மை மாதிரி கறுத்தது. ஓடைத் தண்ணீரில் போட்டார். பொன்னிறமாக நின்றது. இரண்டு கிளாஸையும் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "எது வெசம்னு நீயே சொல்லு!"

இரண்டு கிளாஸையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். நேராக ஃபியோனாவிடம் போய்க் கேட்டேன். தூளிலிருந்து துளி இரும்பு தண்ணீரில் கரைந்து நிற்கும், அது டீயோடு சேர்ந்தால் கறுக்கும், கெடுதல் இல்லை என்றாள். ஈயம் கலந்த டீயோ பார்க்க அழகாகவே இருக்குமாம். இதைச் சரோஜாக்காவிடம் சொன்னால், "உன்னையும் வளைச்சுட்டாளா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் கிளினிக்கில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். லயத்தில் எல்லாருக்கும் ஈயம் இறங்கியிருந்தது. ரூபினிக்கு மட்டும் இன்னும் ஏறியிருந்தது.

முடிவைப் பார்க்க வந்திருந்த ஃபியோனாவைச் சரோஜாக்கா அங்கேயே பிடித்துக்கொண்டார். "அந்தத் தூளுதான் என் புள்ள ஒடம்புல ஏறியிருக்கு! நான் அன்னைக்கே சொன்னேன்!"

ஃபியோனா பயந்துதான் போனாள். "ரூபினிக்கா, வேற எங்கயாச்சும் தண்ணி குடிச்சீங்களா?"

"இல்லயே. தொட்டித் தண்ணிதான். அம்மாதான் தெனம் புடிச்சாந்து, கொதிக்க வச்சுக் குடுப்பாங்க."

நாங்கள் எல்லாரும் சரோஜாக்காவைப் பார்த்தோம். அவர் ஃபியோனாவைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"நல்லாத்தான் கொதிக்க வச்சேன்" என்றார் மெதுவாக. "ஓடத் தண்ணிய."

"கொதிச்சா தண்ணிதான் வத்தும் ஆன்ட்டி" என்றாள் ஃபியோனா. "ஈயம் அப்படியே நிக்கும்."

கிளினிக்கிலிருந்து வீடு வரும்வரை ரூபினி அம்மாவுக்கு முன்னாலேயே நடந்தாள். சரோஜாக்கா அழுதுகொண்டே அடுப்பைப் பற்ற வைத்து, டீ போட்டு மகளிடம் நீட்டினார்.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டாள் ரூபினி.

"தொட்டித் தண்ணிம்மா. சத்தியமா. பாரு, கறுத்திருக்கு."

ரூபினி கிளாஸை வாங்கவில்லை. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு தானே தொட்டிக்கு நடந்தாள்.