வல்கனைசிங் வீட்டு எரிமலை

குமணன்சாவடியில் சாதுல்லா பாயின் டயர் கடைக்குப் பக்கத்தில் எனக்கு ஆயில் கடை. அவர் பலகையில் 'வல்கனைசிங்' என்ற எழுத்துதான் பெரிது. பெயர் அதற்குக் கீழே பொடியாக இருக்கும். கிழிந்த டயரை ரப்பர் வைத்துச் சூட்டில் ஒட்டுவதில் இந்தப் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மகள் இஃபத் நிலவியலில் பட்டம் வாங்கி, மேல்படிப்புக்கு வெளியூர் போனாள். என்ன படிப்பு என்று போனில் கேட்டவரிடம் 'வல்கனாலஜி' என்றாள். அவ்வளவுதான், மனிதர் கடை கடையாக லட்டு கொடுத்தார்.

"எம்பொண்ணு நம்ம தொழில்லயே எம்.எஸ்சி. படிக்குது, கிருபா. இன்னா சொல்றே?"

நான் என்ன சொல்ல? டயருக்கும் எம்.எஸ்சி. வந்துவிட்டது போல என்று நம்பி இரண்டு லட்டு தின்றேன். பங்ச்சர் ஒட்ட இவ்வளவு படிப்பா என்று ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் இளித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் புள்ள மொதல்ல பத்தாவது தாண்டட்டும்" என்றேன்.

லீவில் வந்த இஃபத்தான் விஷயத்தை உடைத்தாள்.

"அத்தா, அது டயர் இல்ல, எரிமலை. அந்தமான் பக்கத்துல ஒண்ணு கீது. அடுத்த மாசம் கப்பல்ல போயி அதோட சாம்பல எடுத்துகினு வரணும். அதுதான் என் ஆராய்ச்சியே."

பாய் முகம் கறுத்துவிட்டது. "நெருப்பு கக்குற எடத்துக்கா? வாணாம். வேற ஏதாச்சும் படி."

போகாவிட்டால் படிப்பு பாதியில் நின்றுவிடும். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. மறுநாள் அவர் டயரைச் சூட்டில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"கிட்ட வராதம்மா, சுட்டுரும்."

"நீங்க மட்டும் நிக்கிறீங்க?"

"எவ்ளோ கிட்ட போலாம்னு எனக்குத் தெரியும்."

"அதைத்தான் அத்தா நானும் படிக்கிறேன். எவ்ளோ கிட்ட போலாம், எப்போ திரும்பணும்னு. உங்க பலகையில கீற பேரும் என் படிப்போட பேரும் ஒரே எடத்துலேர்ந்து வந்ததுதான். ரோமாபுரிக்காரங்க அந்தக் காலத்துல நெருப்பு சாமிக்கு வெச்ச பேரு."

அவர் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார். டயர் வேகும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த அவர் மச்சான் பாசித், பாயைக் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பொட்டப் புள்ளய நெருப்புக்கு அனுப்புறியாமே. யோசிச்சியா?"

போய்வா என்று மகளிடம் சொல்லிவிட்ட மனிதர் மறுபடி மாறிவிடுவாரோ என்று பயந்தேன்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"யோசிச்சேன். நெருப்பாண்ட நிக்கத் தெரிஞ்ச புள்ள அது. பயமா இருந்தா நீ தள்ளி நில்லு, மச்சான்."