இரண்டாக அறுத்த தும்புத்தடி

மாணவரைப் பாடசாலைக்கு வெளியே கூட்டிச் செல்வதானால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு முன் கல்விக் கந்தோர் பதில் தர வேண்டும். விதியின் முதற் பாதியை நாங்கள் ஒழுங்காக நிறைவேற்றினோம். என் வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் சாய்ந்து நிற்கும் அரைத் தும்புத்தடி அந்த விண்ணப்பத்தின் மிச்சம். நாலாம் வகுப்பு டீச்சர் ஓய்வுபெற்ற நாளில் என்னிடம் தந்தது.

யுத்தகாலம். கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் நான் பிரதி அதிபர். டீச்சர் முற்றத்தில், வகுப்பறை கூட்டும் தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்து, நிழலின் நுனியைப் பிள்ளைகளைக் கொண்டு சோக்கால் குறிக்க வைப்பார். பிறகு ஆளுக்கொரு கேள்வி. புத்தகத்தில் விடையுள்ள கேள்வி செல்லாது. எதைக் கேட்டாலும், "எனக்கும் தெரியாது. எப்பிடிப் பாக்கலாம், சொல்லுங்கோ" என்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லலாமா என்றேன். "தெரியும் எண்டு சொன்னா அவையள் வாயை மூடிப்போடுவினம், சேர்" என்றார்.

தவணை முடியக் கனடா போகவிருந்த சிறுமி ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், இதே நேரம் வெள்ளவத்தையிலயும் நிழல் இவ்வளவுதானோ?"

"அங்க கடல்காத்து. நிழல் நனைஞ்சு சுருங்கியிருக்கும்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, தடியைச் சரிபாதியாக அறுப்பித்தார். பாதி வகுப்பு இங்கே, பாதி நகரின் மறுகோடியில் வெள்ளவத்தையில், ஒரே நேரத்தில் அளப்பது என்று முடிவாயிற்று. வழியெல்லாம் சோதனைச்சாவடி, அனுமதியில்லாமல் அசைய முடியாது; கந்தோருக்கு விண்ணப்பித்தோம். சிறுமி நாள்தோறும் என் மேசையருகே வந்து நிற்பாள். "கடிதம் வந்திட்டுதோ, சேர்?" இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ, அத்தனை விதமாகவும் சொல்லித் தீர்த்தேன்.

தவணையின் கடைசி நாளில் டீச்சர் ஒரு பாதியை அவள் கையில் கொடுத்தார். "வெள்ளவத்தைக்கு விடேல்லை. நீ அதைவிடத் தூரம் போறாய். அங்க மத்தியானம் பிடிச்சுப் பாத்து எழுது." எந்த விதியின்கீழ் அந்தத் தடி விமானம் ஏறியதோ, அது ஒன்றுதான் எனக்குத் தெரியாத விதி.

டீச்சர் இப்போது உயிரோடில்லை. சில மத்தியானங்களில் பல்கனியில் தடியை நிமிர்த்துகிறேன். நிழல் விழுகிறது. அதே நேரத்தில் கொட்டாஞ்சேனை முற்றத்தில் தடி பிடித்து நிற்க யாருமில்லை. அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

கந்தோர் இன்றுவரை பதில் எழுதவில்லை. சிறுமி அப்போதே எழுதினாள்: "பனியில பிடிச்சனான். நிழல் தடியைப்போல ரெண்டு மடங்கு. வெயில் எறிக்குது, ஆனா சுடேல்லை. ஏன், டீச்சர்?" டீச்சர் அதை வகுப்பில் வாசித்துவிட்டு, "எனக்கும் தெரியாது" என்று சொல்லி, மிச்சப் பாதித் தடியோடு எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அன்று தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்.