பிணமாகக் கிடந்தவளுக்கு வந்த வசனம்

தோங் புய்லினைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஹாங்காங்கில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவள் கண் திறந்திருக்கப் பார்த்தவர்கள்தான் குறைவு. துறைமுகத் தண்ணீரில் குப்புற மிதந்தவள் அவள். மாடிப்படியில் உருண்டு விழுந்து கிடந்தவள் அவள். சவக்கிடங்கில் மருத்துவர் இழுப்பறையை இழுத்ததும் வெள்ளைத் துணிக்கடியில் தெரிந்த முகமும் அவளுடையதுதான்.

செத்துக் கிடப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். அடக்கினால் கழுத்து நரம்பு புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். புய்லின் அடக்க மாட்டாள். அடிவயிற்றிலிருந்து நூல் இழுக்கிற மாதிரி மெல்ல எடுத்து மெல்ல விடுவாள். குவுன் தோங்கில் அக்காவும் அவளும் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில், சோபாவில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் டீக்கோப்பையை நிறைய வைத்துப் பழகியவள். கோப்பை ததும்பியதில்லை. அதற்கு அக்காதான் சாட்சி.

அவளுக்கும் பேச ஆசை இருந்தது. வெகு காலத்துக்கு முன்பு ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் நர்சாக நின்று, "டாக்டர், அஞ்சாம் நம்பர் பெட்ல கூப்பிடறாங்க" என்று சொல்லும் வாய்ப்பு வந்தது. கேமரா ஓடியதும் வாய் திறக்கவில்லை. மறுபடி ஓடியது, மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவைக்குள் இன்னொரு பெண்ணுக்குத் தொப்பியை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்ட் அவளை இறந்தவர்களுக்கு மட்டும்தான் கூப்பிடுவார். ஆனால் கூப்பிடுவதை ஒரு மாதமும் நிறுத்தியதில்லை. அந்த நன்றியை அவள் இன்றும் சொல்வாள்.

அந்த வேலையில் அவளுக்குத் துணை, எல்லோரும் சித்தி என்றே கூப்பிடும் ஃபோங் சித்தி. படப்பிடிப்புக் குழுவுக்கு டீயும் தண்ணீரும் கொடுப்பவள். அதைவிட முக்கியமாக, குழுவின் நல்லது கெட்டது எல்லாம் அவள் பொறுப்பு. முதல் நாள் பூஜைக்கு முழுப் பன்றி வறுத்து வந்தால் தோல் வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பவள் அவள். கேமராவைச் சிவப்புத் துணியால் மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பவளும் அவள். இறந்தவராக நடித்தவர் 'கட்' சொன்னவுடன் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், சிவப்பு உறையை இரு கையாலும் வாங்க வேண்டும், உள்ளே இருக்கும் காசை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியிலேயே தின்று தீர்த்துவிட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சித்தி விடமாட்டாள்.

"இது என்ன சிரிப்பு? பல் வலிக்காரி மாதிரி. பல்லு தெரியச் சிரிடி. நீ உசிரோட இருக்கேன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

"எதுக்கு சித்தி?"

"எதுக்கோ. பேரெல்லாம் சொல்லக் கூடாது. சிரி."

சீனப் பஞ்சாங்கத்தின் கோழி ஆண்டில் அந்தத் துப்பறியும் தொடர் வந்தது. லிஃப்ட் விபத்தில் பிழைத்த ஒரு இன்ஸ்பெக்டர். அதற்குப் பிறகு, கொலையானவர் உடலருகே ஊதுபத்தி கொளுத்தினால், அது எரிந்து முடியும் வரை அந்த ஆவி அவர் கண்ணுக்குத் தெரியும், பேசும். பத்தி அணைந்தால் போய்விடும். ஆகவே அந்தத் தொடரில் பிணங்களுக்கும் வசனம் உண்டு.

ஒரு பகுதியில் சாவி செய்யும் கடைக்காரி கொலையாகிறாள். அந்த வேடத்துக்கு ஏஜென்ட் வழக்கம்போலப் புய்லினை அனுப்பினார். இயக்குநர் குவான் அவளைப் பார்த்துவிட்டு, "கிடக்கறதும் நீங்கதான், பேசறதும் நீங்கதான். பேசுவீங்கல்ல?" என்று கேட்டார். புய்லின் தலையாட்டினாள்.

படப்பிடிப்பு நாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள்.

"நான்தானா அது? ஒரு கால்ல செருப்பக் காணோமே. சார், என் மகளுக்கு இப்பச் சொல்லிடாதீங்க. அவ சாப்பிட்டு முடிக்கட்டும்."

"ஏன்டி கஞ்சியப் பாத்துச் சொல்ற? கஞ்சியா செத்துக் கிடக்கு?" என்றாள் அக்கா.

"எதையாவது பாத்தாத்தான்க்கா வருது. சும்மா இருக்கற இடத்தப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது."

"அங்க என்னத்தப் பாப்ப?"

"என்னையே மாதிரி பொம்மை செஞ்சிருக்காங்க. முகத்துல மாவு அப்பி அச்செடுத்தாங்களே, அது."

"அப்பச் சரி. போய் உன்கிட்டயே பேசு."

இந்தத் தடவையும் வாய் திறக்காவிட்டால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அக்கா ஒரு கரண்டி கூடுதலாகக் கஞ்சி ஊற்றினாள்.

தோ குவா வான் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் மதியம் வரைதான் கொடுத்திருந்தார். அதன்பின் அவர் மாமியார் வந்து மாஜோங் ஆடுவாராம். புய்லின் சாவிக்கடைக்காரியின் பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மாடி ஏறியபோது, உள்ளே இயக்குநரின் குரல் கேட்டது.

"இது என்ன, கொலையான பொம்பளையா, கல்யாணப் பொண்ணா?"

தரையில் அவளுடைய பொம்மை கிடந்தது. அவள் முகம், அவள் மச்சம், அவள் முன்பல் இடைவெளிகூட. ஆனால் இரண்டு கன்னமும், உதடும், நெற்றியும் பளீரென்று சிவந்திருந்தன. பக்கத்தில் ஃபோங் சித்தி கெட்டிலைப் பிடித்தபடி நின்றாள்.

"நான்தான் பூசுனேன்" என்றாள் சித்தி. "உசிரோட இருக்கறவளுக்கு இன்னொரு உடம்பு செஞ்சு, மச்சம் மொதக்கொண்டு வெச்சு, தரைல போடுவாங்களா? அது அவதான்னு நெனச்சு எதாவது வந்து புடிச்சுக்கிட்டா? கொஞ்சம் செவப்பு தொட்டு, இது அவ இல்லன்னு காமிச்சேன். தொடச்சிடலாம்னு நெனச்சேன் டைரக்டர்."

"எதப் பூசுனீங்க?"

"முட்டைக்குப் பூசற சாயம்."

குழந்தை பிறந்தால் முட்டைக்குப் பூசிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் சிவப்புச் சாயம் அது. கையில் பட்டாலே நாள்கணக்கில் போகாது. பொம்மை செய்த ஆ-சுன் ஏதேதோ திரவத்தை ஊற்றித் தேய்த்துப் பார்த்தான். சிவப்பு காது வரைக்கும் பரவியதுதான் மிச்சம்.

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பொம்மையத் தூக்குங்க. உடம்பக் காட்ட வேணாம். ஆவி வாசல்ல நின்னு ஒரு பார்வை பாக்கட்டும், அதோட போகட்டும். வசனம் வேணாம்." புய்லினிடம் திரும்பி, "பரவாயில்லல்ல?" என்றார்.

"பரவாயில்ல டைரக்டர்" என்றாள் புய்லின். அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து, பூப்போட்ட சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டராக நடிக்கும் சியூ உள்ளேயிருந்து பேசுவது கேட்டது. "டைரக்டர், அந்த ஷாட்ல பிணத்தோட முகமே தெரியாதே. முடியும் காலும்தான. யாராவது ஒருத்தர் குப்புறப் படுத்தாப் போதும்."

"புய்லின் நின்னு பேசணும். வேற பொம்பளை யாரு இருக்கா இங்க?"

எல்லோரும் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். "என்ன விட்ருங்க சியூ அண்ணா. நான் முயல் ஆண்டுல பொறந்தவ. கோழி ஆண்டு எனக்கு ஆகவே ஆகாது. வருஷம் பொறந்ததும் கோயில்ல கழிப்புப் பண்ணிட்டு வந்திருக்கேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆ-சுன் தானே படுக்கிறேன் என்றான். முடி மண்டிய அவன் காலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

புய்லின் எட்டிப் பார்த்தபோது ஃபோங் சித்தி கெட்டிலை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, வேணாம்" என்றாள் புய்லின். அவளுக்கும் குழுவில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். சித்தி கோழி ஆண்டில் பிறந்தவள். தன்னுடைய ஆண்டு திரும்பி வரும்போதுதான் மனிதர்களுக்கு ஆபத்து அதிகம் என்று அவளே எல்லோருக்கும் பாடம் எடுப்பாள். புத்தாண்டிலிருந்து மணிக்கட்டில் கோயில் கயிறு. ரோட்டைக் கடப்பதற்குக்கூட ஆள் துணை தேடுவாள்.

"கெடுத்தது நான்" என்றாள் சித்தி. "அந்தச் சட்டை மாதிரி இன்னொண்ணு இருக்கா? குடு. சீக்கிரம், அந்த மாஜோங் கெழவி வந்துடுவா."

சட்டையை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தவளிடம் உடைக்காரப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சித்தி, கைல இருக்கற செவப்புக் கயிறு கேமராவுக்குத் தெரியுது."

சித்தியின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தாள். பிறகு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, புய்லினிடம் நீட்டினாள்.

"கீழ வெச்சுடாத. கைலயே வெச்சுக்கோ."

"வெச்சுக்கறேன் சித்தி."

"நல்லாப் பேசு. ரெண்டாவது தடவை எல்லாம் நான் படுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சித்தி குப்புறப் படுத்தாள். முடியைக் கலைத்துவிட்டார்கள், ஒரு செருப்பைக் கழற்றினார்கள். சியூ முழங்காலிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார். புய்லின் கயிற்றை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு நிலைவாசலில் நின்றாள். கேமரா ஓடியது.

பழைய நோய் வந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. பிணமாகக் கிடந்து பழகிய உடம்பு தன்னால் உறைந்தது. இமைகூட அசையவில்லை. பத்தி எரிந்து சாம்பல் வளைந்தது. இயக்குநரின் கை 'கட்' சொல்ல மெதுவாக உயர்வதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தாள். வெடித்த குதிகால், சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்திரி. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பூப்போட்ட சட்டைக்குள் முதுகு விசுக் விசுக்கென்று ஏறி இறங்கியது. சித்திக்கு மூச்சு விடத் தெரியவில்லை. பயந்து போய்க் கிடக்கிறாள். எத்தனையோ தரைகளில் கிடந்த புய்லினுக்கு, கீழே கிடப்பவளிடம் மேலே நிற்பவர்கள் எந்தக் குரலில் பேசினால் நன்றாக இருக்கும் என்பது தெரியும். அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

"நான்தானா அது?"

முதுகு ஒரு கணம் நின்றது.

"ஒரு கால்ல செருப்பக் காணோமே." குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். கால்விரல்கள் மெல்ல அடங்கின. அதன் பிறகே அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சார், என் மகளுக்கு இப்பச் சொல்லிடாதீங்க. அவ சாப்பிட்டு முடிக்கட்டும்."

சியூ பதில் சொல்ல வேண்டிய இடம். அவர் தலை மட்டும் குனிந்தது. பத்தியின் சாம்பல் உதிர்ந்தது.

"கட்" என்றார் இயக்குநர். "போதும். இதுவே போதும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சித்தி, சிரிங்க" என்றான் ஆ-சுன். "சித்தி, கேமராவப் பாருங்க." உடைக்காரப் பெண்ணின் குரல் பதறியது. "ஐயோ, சீக்கிரம் சிரிக்கச் சொல்லுங்க யாராவது."

இத்தனை வருடம் அத்தனை பேரையும் விரட்டி விரட்டிச் சிரிக்கவைத்தவள் தரையில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள். "எப்படிடி சிரிக்கறது? சாப்பிட்டு முடிக்கட்டும்னு சொல்றாளே பாவி" என்று தரையிடம் சொன்னாள்.

புய்லின் உட்கார்ந்து, அந்த வெறுங்காலின் உள்ளங்காலில் ஒரு விரலால் கோடு இழுத்தாள். சித்தி துள்ளினாள். இன்னொரு கோடு. "விடுடி, கூசுது, விடுடி" என்று புரண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, கேமராவைப் பார்த்துப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். புய்லினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கயிற்றை அவள் மணிக்கட்டில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

தயாரிப்பு உதவியாளர் சிவப்பு உறைகளோடு வந்தார். ஒன்று ஆவிக்கு, ஒன்று உடலுக்கு. இருவரும் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, உறைகள் காலியாகும் வரை முட்டை டார்ட்டும் பால் டீயும் வாங்கித் தின்றார்கள். சித்திக்கு வழியெல்லாம் ஏப்பம். அந்த ஆண்டு முழுக்க அவளுக்கு வந்த ஆபத்து அது ஒன்றுதான்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலை, அக்கா தாமரைக்கிழங்கு சூப் வைத்திருந்தாள். புய்லின் ஃபோங் சித்தியையும் அழைத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் அந்த நிலைவாசலில் புய்லின் தோன்றினாள், கண் திறந்தபடி. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வசனம் முடிந்தபோது மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புய்லின், என்னமா பேசற நீ" என்றாள்.

"எனக்கு எங்கங்க பேச வரும்? சித்தி படுத்தாங்க, அதான் வந்துச்சு" என்றாள் புய்லின்.

ஃபோங் சித்தி எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய், திரையின் அடியில் விரலை வைத்தாள்.

"பேசுனத எல்லாம் அப்பறம் பேசலாம். இங்க பாருங்க. பிளாஸ்திரி தெரியுதா? அது என் காலு."