சுக்கான் அறையில் ஓர் இடம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு புறப்படத் தயாராக நிற்கிறது. விடுமுறைப் பயணத்துக்கென்று தலைச்சுற்றுக் குளிசை, மாற்றுடுப்பு, சத்தி எடுக்கப் பை எல்லாம் வீட்டிலேயே எடுத்து வைத்தேன். படகில் எங்கே இருப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கணவர் மேல்தட்டிலிருந்து கையசைக்கிறார். அங்கே காற்று உண்டு, பிடிக்கக் கம்பி இல்லை. கீழ்த்தட்டில் விழ வழியில்லை, ஆனால் டீசல் மணமே மகளுக்கு ஒத்துவராது. அவளை இடுப்பில் வைத்தபடி படியில் இறங்குகிறேன், மறுபடி ஏறுகிறேன்.

"தங்கச்சி, ஒரு முடிவுக்கு வாரும். எங்கட கோழிக்குஞ்சுகளும் ஏற வேணும்," என்கிறார் பின்னால் பெட்டியோடு நிற்கும் ஓர் அம்மா.

சுக்கான் அறையிலிருந்து படகோட்டி என்னிடம் ஏதோ கேட்கிறார். இயந்திரச் சத்தத்தில் "பிள்ளை" என்பது மட்டும் காதில் விழுகிறது. "ஓம்" என்கிறேன்.

"அப்ப இஞ்சை வாங்கோ. பிள்ளைத்தாச்சியளை மேலை விடுறேல்லை."

அவர் காட்டும் வாங்கு கர்ப்பிணிகள் உட்கார ஒதுக்கியது. திருத்திச் சொல்ல வாயெடுக்கிறேன். அங்கே நிழலும் காற்றும் இருக்கின்றன, பிடிக்கக் கம்பியும் இருக்கிறது. மகளை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுகிறேன்.

சற்று நேரத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் அமர்கிறாள். என் வயிற்றை உற்றுப் பார்க்கிறாள்.

"உங்களுக்கு எத்தினை மாசம், அக்கா?"

பொய் வரவில்லை. மடியிலிருக்கும் மகளைக் காட்டுகிறேன். "இருபத்தாறு."

எழும்பப் போன என்னை அவள் கையைப் பிடித்து இருத்துகிறாள்.

"இருங்கோ அக்கா. என்னிலும் பாரம் உங்களுக்குத்தான்."