ஸம்றா டீச்சர் சீமெந்து வைத்த பேசின்

கலியாண வீட்டில் பலர் கூடியுண்ணும் சோற்றுச் சகனில் கைவைத்தபடியும் ஸம்றா டீச்சர் கேட்பது அதைத்தான்: "ராத்தா, உங்கட சீனி வருத்தக் குளிசை முடிஞ்சா அட்டையை வீசிப்போடாதீங்க. எனக்கு எடுத்து வைங்க."

பக்கத்து வீட்டுச் சபூறா ராத்தா சிரிப்பார். "எல்லாரும் வருத்தத்தை விசாரிப்பாங்க. இவ வெறும் அட்டையை விசாரிக்கிறா."

அந்த வெற்று மாத்திரை அட்டைகள்தான் டீச்சரின் ஆய்வுகூடம். சாய்ந்தமருதுக் கடற்கரைக்குக் கிட்டிய பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறார். குளிசை இருந்த குழியில் ஒரு துளி அமிலம், ஒரு துளி செவ்வரத்தம்பூச் சாறு. நிறம் மாறினால் பாடம் விளங்கிவிடும். புகையில்லை, இருமலில்லை. மிஞ்சும் அமிலத்தைக் கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டில் ஊற்றி, அமிலம் செத்து நுரை அடங்கும் வரை காவல் நிற்பார். சிப்பிக்கு அடங்காத பழைய செம்மஞ்சள் குரோமிய நச்சுக் கழிவு மட்டும் தடித்த போத்தலில் பூட்டுக்குள் கிடக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டுக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்தாரின் உயிரை வாங்குகிறார்.

மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை அவர். சிறுவயதில் வாப்பா வீட்டு வளவில் ஊற்றிய சாயத்தண்ணீர், கொஞ்ச நாளில் கிணற்று வாளியில் அதே சிவப்போடு ஏறி வந்ததைப் பார்த்தவர். கடற்கரை மணலுக்கு எதையும் ஒளித்து வைக்கத் தெரியாது. பாடசாலையிலோ ஆய்வுகூடத்துக் கழுவுதொட்டியான பேசினின் கழிவுக் குழாய் சுவருக்கு வெளியே மணலில் போய் முடிகிறது, பக்கத்திலேயே கிணறு. பிள்ளைகள் குடிப்பதும் அதில்தான், அதிபர் பளீல் நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுளூ செய்வதும் அதில்தான். ஒரு விடுமுறை நாளில் டீச்சர் சீமெந்தைக் குழைத்துப் பேசினின் ஓட்டையை அடைத்தார். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கவும் மாட்டாது.

பளீல் சேர் பொல்லாதவர் அல்லர். தன் பாடசாலை மினுங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. வலயத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும் மேசன் சப்ரியை உளியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பேசினைத் திறக்கணும். பூட்டி வச்சிரிக்கிற போத்தலையும் ஊத்திக் கழுவுங்க. லெப் எண்டா லெப் மாதிரி இரிக்கணும். எங்கட புள்ளைகள் குளிசை அட்டையில விளையாடுதாம் எண்டு ஊரே சிரிக்கிது."

"சிரிக்கட்டும் சேர். பேசினைத் திறக்க ஏலா."

"அப்ப வலயத்துக்குச் சொல்லி உங்கள நாவிதன்வெளிப் பக்கம் மாத்துவன்."

"மாத்துங்க. அங்கயும் கிணறு இரிக்கும்தானே. சீமெந்தும் விப்பாங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. உயர்தரப் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆனாலும் குரலை இறக்கவில்லை.

அந்த நேரம் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு கேட்டது. "நீங்க உடைங்க, நான் வாறன்" என்று சப்ரியிடம் சொல்லிவிட்டு, அதிபர் சட்டைக் கையைச் சுருட்டியபடி கிணற்றடிக்குப் போனார். சப்ரி உளியை வைத்துத் தட்டத் தொடங்கினார். டீச்சர் அவரைத் தடுக்கவில்லை. கையுறை மாட்டி, பூட்டைத் திறந்து, செம்மஞ்சள் போத்தலைத் தூக்கிக்கொண்டு அதிபரின் பின்னாலேயே நடந்தார். அதிபர் தண்ணீர் அள்ளி முகம் கழுவிக்கொண்டிருந்த வாளிக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"இது என்னத்துக்கு இஞ்ச?"

"நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க, சேர். பேசின்ல ஊத்தினா மணலுக்குள்ள சுத்தி இஞ்சதான் வரப்போகுது. நேரா வாளிக்குள்ளயே ஊத்திடுங்க."

அதிபர் போத்தலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். உள்ளே உளிச் சத்தம் நின்றுவிட்டது. சப்ரி யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபரின் தாடியிலிருந்து கிணற்றுத் தண்ணீர் சொட்டியது.

"வெறுங்கையால தொடாதீங்க சேர், பட்டாப் புண்ணாகும்" என்று ஸம்றா டீச்சர் இன்னொரு சோடிக் கையுறையை அவரிடம் நீட்டினார்.