அழித்த வீடியோவும் போட்டோரெக்கும்

இன்று காலை மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். சார்ஜர் வாங்கத்தான். பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போனது தனிக்கதை, அதை விடுங்கள்.

கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறு ஒன்றும் இல்லை.

"இன்னாம்மா, கெட்டுப்பூடுச்சா?"

"இல்லண்ணா. ஒருத்தரு மெமரி கார்டுல கல்யாண போட்டோ மொத்தத்தையும் அழிச்சிட்டாரு. அத மீட்டுகினு இருக்கேன். இந்த சாஃப்ட்வேருக்கு போட்டோரெக்னு பேரு. யாரோ எழுதி, ஊருக்கே சும்மா குடுத்து வெச்சிருக்காங்க."

"அழிச்சது திரும்ப வருமா?"

"அதே கார்டுல புதுசா எதுவும் ஏத்தாம இருந்தா, முக்காவாசி வந்துரும்ணா."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி திருநீர்மலைப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, "மெதுவா ஏறுய்யா, சாமி எங்கயும் ஓடிப்பூடாது" என்று என்னைத் திட்டும் வீடியோ ஒன்று என் பழைய போனின் மெமரி கார்டில் இருந்தது. அவள் குரல் இருந்தது அதில் மட்டும்தான். அவள் போய்ச் சேர்ந்த மறுமாதமே கை தவறி அதை அழித்துவிட்டேன். இனி வராது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். இதைக் கடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன்.

"அந்த கார்டு இப்ப எங்கண்ணா?" என்று கேட்டாள்.

"போனோட குட்த்துட்டேம்மா. பழைய போனுக்கு பக்கெட் தர்ற வண்டி தெருவுல வந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. நானாவது சிரித்திருக்கலாம்.

எங்கள் அனகாபுத்தூர்ப் பக்கம் அந்த வண்டிக்காரரை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். பக்கெட்டைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.